தேறவிட்ட எலிகள்

ஜனவரி 4, சனி

கல்லூரியில் டைரி கொடுத்தார்கள். வருஷா வருஷம் கொடுப்பார்கள். வருஷா வருஷம் என் வீட்டுக்காரி ஆவுடை அதில் கோலம் போட்டுப் பார்ப்பாள். இந்த வருஷம் முழங்கால் இரண்டும் வீங்கிக் கட்டிலோடு கிடக்கிறாள். பொழுது போகவில்லை.

"நீங்க சொல்லுங்க, நான் எழுதுதேன்" என்றாள்.

எனக்கு எழுத்து தெரியாது. அவள் எட்டாம் வகுப்புவரை படித்தவள்.

"என்னத்தச் சொல்ல?"

"அன்னன்னைக்கு நடந்ததச் சொல்லுங்க."

"எலிக்குத் தீனி போட்டேன். உமி மாத்துனேன். வந்தேன்."

"அதையே சொல்லுங்க. பேப்பர்ல வார மாதிரி நான் எழுதிக்கிடுதேன்."

ஆகவே: இன்று எலிகளுக்குத் தீனி போட்டேன். கூண்டுகளில் உமி மாற்றினேன். வீட்டுக்கு வந்தேன்.

(பேப்பரில் வருகிற மாதிரி எழுதினாலும் இவ்வளவுதான் வருகிறது. — ஆவுடை)

ஜனவரி 8, புதன்

என்னைப் பற்றியும் சொல்ல வேண்டுமாம். பெயர் ஆறுமுகநயினார். திருநெல்வேலிக்கு வெளியே ஒரு மருந்தியல் கல்லூரியில் எலி, முயல் வைத்திருக்கிற கூடத்தில் வேலை. அனிமல் ஹவுஸ் என்பார்கள். ஓய்வு கொடுத்து அனுப்பிவிட்டு, எலியைக் கையில் பிடிக்க வேறு ஆள் அமையவில்லை என்று மறுபடியும் கூப்பிட்டு வைத்திருக்கிறார்கள்.

இன்று புது எலிகளுக்கு அடையாளம் வைத்தோம். எல்லாம் வெள்ளை எலிகள். ஒன்றுக்கொன்று வித்தியாசம் தெரியாது. அதனால் ஒரு மஞ்சள் மருந்தைப் பஞ்சில் தொட்டு ஒன்றுக்குத் தலையில், ஒன்றுக்கு முதுகில், ஒன்றுக்கு வாலில் என்று வைப்போம். ஒன்றை ஒன்றும் வைக்காமல் விடுவோம். அதுவும் ஓர் அடையாளம். ஆராய்ச்சி செய்கிற ஜெபராணி இதையெல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்றுவாள். நான் மண்டைக்குள் வைத்துக்கொள்வேன். இங்கே முதன்முதலில் வந்த முயல்களில் எது எந்தக் கூண்டில் இருந்தது என்று கேட்டால் இன்றைக்கும் சொல்வேன். யாரும் கேட்பதில்லை.

மஞ்சள் விரலை விட்டு லேசில் போகாது. அந்தக் கையால் சோறு பிசைந்தால் ஆவுடை முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள்.

(கையுறை கொடுத்திருக்கிறார்கள். இவர்தான் போடுவதில்லை. — ஆவுடை)

ஜனவரி 9, வியாழன்

மருந்து கொடுக்கத் தொடங்கினோம். மருந்து என்றால் முடக்குத்தழையின் சாறு. மலையடிவாரத்தில் கொடியாகப் படர்கிற தழை. மூட்டுவலிக்கு எங்கள் பக்கத்தில் நிறையப் பேர் குடிக்கிறார்கள். அதனால்தான் ஜெபராணி அதை எடுத்திருக்கிறாள்.

"எல்லாரும் குடிக்கிறாங்க அண்ணாச்சி. உடம்புக்குக் கெடுதல் பண்ணுமான்னு ஒருத்தரும் பாத்தது இல்ல. அதத்தான் பாக்கப் போறோம்" என்றாள். கல்லூரியில் சின்னவர் பெரியவர் எல்லோருக்கும் நான் அண்ணாச்சிதான்.

முதல் வரிசை எலிகளுக்குத் தழை கலக்காத வெறும் பசைத்தண்ணீர். அடுத்த வரிசைக்குக் கொஞ்சம் தழைச்சாறு, அதற்கடுத்ததற்கு இன்னும் கொஞ்சம், நாலாவதற்கு மிக அதிகம். ஐந்தாவதாக ஒரு கூட்டம் இருக்கிறது. அதற்கும் நாலாவது வரிசை மாதிரியே அதிகம் கொடுப்போம். மற்ற எலிகளை எடுக்கிற அன்று, அதாவது கொன்று அறுத்துப் பார்க்கிற அன்று, இவற்றை எடுக்காமல், மருந்தை மட்டும் நிறுத்திவிட்டு, கெட்டது ஏதாவது இருந்தால் தானாகச் சரியாகிறதா என்று வைத்துப் பார்ப்போம். அதைத் தேறவிடுகிற கூட்டம் என்று நான் சொல்வேன். ஜெபராணி இங்கிலீஷில் என்னவோ சொல்வாள்.

நான் பிடித்தேன். அவள் வளைந்த குழாயை வாய்க்குள் விட்டு ஊற்றினாள். கழுத்தை இறுக்காமல், தலை ஆடாமல் பிடிக்க வேண்டும். அவ்வளவுதான் வேலை.

ஜனவரி 10, வெள்ளி

பக்கத்து வீட்டுத் தாயம்மாள் வந்திருந்தாள். ஆவுடையும் அவளும் ஒரே கடைக்கு வருஷக்கணக்காகப் பீடி சுற்றியவர்கள். சம்மணம் போட்டு உட்கார்ந்து உட்கார்ந்து இரண்டு பேருக்கும் முழங்கால் போனது. ஆனால் தாயம்மாள் எங்கள் வீட்டுத் தரையில் குத்தவைத்து உட்கார்ந்தாள். எழுந்தாள். மறுபடியும் உட்கார்ந்தாள்.

"பாத்துக்கிடும் மதினி. எல்லாம் முடக்குத்தழைப் பொடிதான். காலையில ஒரு கஷாயம், அந்தியில ஒரு கஷாயம். போன மாசம் கதவப் பிடிச்சுக்கிட்டு நின்னவ நான்."

ஆவுடை என்னைப் பார்த்தாள்.

"நீங்க எலிக்குக் குடுக்கிற தழைதான இது?"

"அதேதான்."

"எலி செத்துச்சா?"

இதற்கு முன்னால் ஒரு சோதனை நடந்திருந்தது. ஒரே வேளையில் பெரிய அளவாகக் கொடுத்துவிட்டு இரண்டு வாரம் காவல் இருப்பது. ஒன்றும் சாகவில்லை. அதைச் சொன்னேன்.

"ஒண்ணுகூடவா சாகல?" என்றாள் தாயம்மாள்.

"ஒண்ணும் சாகல."

"பொறவு என்ன யோசனை? எலியே தாங்குது. எலிய விட மதினி பெருசுல்லா?"

"பெருச்சாளின்னு சொல்லுதியாக்கும்" என்றாள் ஆவுடை. இரண்டு பேரும் சிரித்தார்கள். அவள் சிரித்து நாளாகியிருந்தது.

ஜனவரி 11, சனி

ஜெபராணியிடம் கேட்டேன்.

"அது ஒரே வேளை குடுத்துப் பாத்தது அண்ணாச்சி. தினமும் குடுத்தா என்ன ஆகும்னு இப்பதான பாக்கோம்? அம்மாவ ஒரு மாசம் பொறுத்துக்கிடச் சொல்லுங்க. எலி சாகலங்கிறது வேற, நல்லாயிருக்குங்கிறது வேற."

அதை அப்படியே ஆவுடையிடம் சொன்னேன்.

(சொன்னார். ஒண்ணுக்குப் போகப் புருஷன் இடுப்பைப் பிடித்துத் தூக்கிவிட வேண்டியிருக்கிறவள் ஒரு மாசம் எப்படிப் பொறுப்பாள். அந்தப் பிள்ளைக்கு முழங்கால் நன்றாக இருக்கிறது. தாயம்மா பொடி கொண்டுவந்து தந்துவிட்டாள். நான் குடிக்கப் போகிறேன். இவரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. — ஆவுடை)

ஜனவரி 15, புதன்

மாட்டுப் பொங்கல். கல்லூரி பூட்டியிருந்தது. எலிக்கு லீவு தெரியாது. ஜெபராணி புதுச் சுடிதாரோடு வந்து மருந்து கொடுத்துவிட்டுப் போனாள்.

ரொம்ப காலத்துக்கு முன்னால் மந்திரமூர்த்தி என்று ஒரு வாட்ச்மேன் இருந்தார். இதே மாட்டுப் பொங்கல் அன்று, வாயில்லாத ஜீவன் என்று சொல்லி முயல்களுக்கெல்லாம் சர்க்கரைப் பொங்கல் ஊட்டிவிட்டார். முயல்கள் கழிந்தன. மருந்தால் கழிகிறதா பொங்கலால் கழிகிறதா என்று தெரியாமல் அந்தச் சோதனையையே தூக்கிப் போட்டார்கள். முயல்களையும்தான். மந்திரமூர்த்தி கடைசிவரைக்கும், நான் நல்லதுக்குத்தானே செய்தேன் என்று சொல்லிக்கொண்டிருந்தார். அன்று அவர் போட்டிருந்தது கட்டம் போட்ட பச்சைச் சட்டை.

ஜனவரி 26, ஞாயிறு

ஆவுடை ஆற்றுக்குப் போனாள். நடந்து போனாள். நான் பின்னால் துண்டும் சோப்பும் கொண்டுபோனேன். படித்துறையில் இறங்கும்போது கையைப் பிடிக்கப் போனேன், தட்டிவிட்டாள். இடுப்பளவு தண்ணீரில் நின்றாள். கரையேற மனசில்லை.

"ஏளா, சளி பிடிக்கும், வா."

"பிடிக்கட்டும். சளிதான?"

(எழுதாமல் இருக்க முடியவில்லை. தண்ணீர் சில்லென்று இருந்தது. இரண்டு வருஷமாகச் செம்பால் மொண்டு ஊற்றிக்கொண்டவள் நான். இனி காலையில் கொஞ்சம் கூடுதலாகவே பொடி போடலாம் என்று இருக்கிறேன். — ஆவுடை)

பிப்ரவரி 1, சனி

நாலாவது வரிசையிலும் தேறவிடுகிற கூட்டத்திலும் தீனி மிச்சம் கிடக்கிறது. கூண்டைத் திறந்தால் ஓடிவருகிற எலிகள் வரவில்லை. மயிர் சிலிர்த்துக்கொண்டு மூலையில் உட்கார்ந்திருக்கின்றன. மூத்திரம் பட்டு உமி நனைந்த இடம் அடர் மஞ்சளாக இருக்கிறது. வாலில் அடையாளம் வைத்த ஒன்றுக்குக் காதும் மஞ்சளாக இருந்தது. நான் வைத்த மருந்துதான் பரவிவிட்டதோ என்று ஈரப் பஞ்சால் துடைத்தேன். போகவில்லை. அப்புறம் பார்த்தால் மற்றதுகளுக்கும் காது அப்படித்தான் இருந்தது.

ஜெபராணியிடம் காட்டினேன். குனிந்து பார்த்தாள். கம்ப்யூட்டரில் ஏற்றிக்கொண்டாள்.

(இதைச் சொல்லிவிட்டு என் தட்டைப் பார்த்தார். வெயில் தொடங்கிவிட்டது, வெயிலில் எனக்குச் சோறு இறங்காது. எப்போதும் அப்படித்தான். — ஆவுடை)

பிப்ரவரி 3, திங்கள்

உமி மாற்றினேன். தண்ணீர் பாட்டில் கழுவினேன். எலிகளைப் பற்றி ஒன்றும் இல்லை.

பிப்ரவரி 6, வியாழன்

நாலு வரிசை எலிகளையும் எடுத்தோம். மயக்க மருந்தில் எடுத்து, அறுத்து, ஈரல், சிறுநீரகம் எல்லாம் தனித்தனியாகப் பார்ப்பார்கள். நான் பிடித்துக் கொடுத்தேன். அப்புறம் மேஜையைக் கழுவினேன். கத்தரிகளைக் கழுவினேன். கூண்டுகளைக் கழுவி வெயிலில் கவிழ்த்தேன். வந்தேன்.

(உள்ளே எப்படி இருந்தது என்று கேட்டேன். எலி மாதிரி இருந்தது என்றார். — ஆவுடை)

பிப்ரவரி 7, வெள்ளி

தேறவிடுகிற கூட்டத்துக்கு இன்றுமுதல் மருந்து இல்லை. தீனியும் தண்ணீரும் மட்டும்.

ஆவுடைக்கு இனிமேல் கஷாயத்தை நானே வைத்துக் கொடுக்கிறேன். அவள் எதற்குக் காலையில் எழுந்து அடுப்படியில் நிற்க வேண்டும்.

(கல்யாணமான நாளிலிருந்து அடுப்பு எந்தப் பக்கம் பார்த்து இருக்கிறது என்று தெரியாத மனுஷர். பொடி டப்பாவை எடுத்து மேல் தட்டில் வைத்திருக்கிறார். எனக்கு எட்டாது. — ஆவுடை)

பிப்ரவரி 8, சனி

வால் அடையாளம் எழுந்து வந்து தண்ணீர் குடித்தது.

பிப்ரவரி 10, திங்கள்

தேறவிடுகிற கூட்டத்தில் தீனி மிச்சம் குறைந்திருக்கிறது. இரண்டு எலிகள் தீனியை முன்கால்களில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து தின்றன. காது இன்னும் வெளிறவில்லை. வெளிறும்.

ஆவுடை பாதிச் சோறு சாப்பிட்டாள். நல்ல சாப்பாடுதான்.

(பாதி இல்லை. கஷாயம் நாலு நாளாகக் கசக்கவில்லை. முருங்கைக்கீரை வாசம் அடிக்கிறது. கேட்கவில்லை. கொடுக்கிறார், குடிக்கிறேன். — ஆவுடை)

பிப்ரவரி 12, புதன்

தாயம்மாள் வந்தாள். வந்தவள் வாசலிலேயே நின்று ஆவுடையைப் பார்த்தாள்.

"மதினி, கண்ணு என்ன இப்பிடி இருக்கு?"

"தூக்கம் இல்ல" என்றாள் ஆவுடை.

"தூக்கம் இல்லன்னா செவக்கும். இது வேற மாதிரி இருக்கு."

"பல்பு வெளிச்சம்" என்று நான் சொன்னேன். "மஞ்ச பல்பு. மாத்தணும்."

தாயம்மாள் சீக்கிரமாகவே போய்விட்டாள்.

(பகல் பதினொரு மணி. வீட்டில் பல்பு எரியவில்லை. அதை அவளும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. — ஆவுடை)

பிப்ரவரி 15, சனி

எலிகளுக்குக் காது வெளிறிக்கொண்டு வருகிறது. ஜன்னல் பக்கம் கூண்டைத் திருப்பி வைத்துப் பார்த்தேன். நன்றாகவே தெரிகிறது. ஒன்று கம்பியைக் கடித்துக்கொண்டிருந்தது. எலி கம்பியைக் கடித்தால் உடம்பு நன்றாக இருக்கிறது என்று அர்த்தம்.

ஆவுடைக்கு உடம்பெல்லாம் அரிப்பு. தேங்காய் எண்ணெய் தடவிவிட்டேன். முழங்கால் மறுபடியும் வீங்கிவிட்டது. அது பரவாயில்லை.

கல்யாணமான புதிதில் பீடிப் புகையிலை மடித்து வருகிற பேப்பரை எல்லாம் நீவிவிட்டு வைத்திருப்பாள். நான் வேலை முடிந்து வந்ததும் வாசிப்பாள். எங்கோ ஒரு ஊரில் ரயில் கவிழ்ந்தது என்று பாதி வரும். மீதி வேறு யாருடைய புகையிலையிலோ போயிருக்கும். செத்தவர் எத்தனை பேர் என்று தெரியாமல் இரண்டு பேரும் பேசிக்கொண்டிருப்போம். அவள், எல்லோரும் பிழைத்திருப்பார்கள் என்பாள். இதையெல்லாம் ஏன் சொல்கிறேன் என்று தெரியவில்லை. எழுதிவிட்டாள்.

(உலகுக்குப் போன் போட்டு வரச் சொல்லட்டுமா என்று கேட்டேன். எலிகளை எடுக்கிற வேலை வியாழனோடு முடிந்துவிடும், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்றார். உலகு எங்கள் மகள். தூத்துக்குடியில் இருக்கிறாள். — ஆவுடை)

பிப்ரவரி 18, செவ்வாய்

எலிகள் நன்றாக இருக்கின்றன. எல்லாம் நன்றாக இருக்கின்றன.

பிப்ரவரி 19, புதன்

நாளைக்குத் தேறவிட்ட கூட்டத்தை எடுக்கிறோம்.

(தேறினதை எதற்கு எடுக்க வேண்டும் என்று கேட்டேன். உள்ளே தேறியிருக்கிறதா என்று திறந்து பார்த்தால்தான் தெரியும் என்றார். கை நடுங்குகிறது. வரி கோணலாகப் போகிறது. இவர் பாவம், இந்த மனுஷரை ஒன்றும் கேட்க எனக்கு)

பிப்ரவரி 23, ஞாயிறு

(இனி எழுதுவது உலகம்மாள். பெரியாஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து எழுதுகிறேன். அப்பாதான் டைரியைப் பையில் போட்டுக் கொண்டுவந்திருக்கிறார். அவர் சொல்லச் சொல்ல எழுதச் சொல்கிறார். — உலகம்மாள்)

ஆவுடை எழுதும்போது சொல்ல முடியாததைச் சொல்கிறேன்.

ஆறாம் தேதி நாலாவது வரிசையை அறுத்தபோது ஈரல்கள் வெளிறிப்போய்த் திட்டுத்திட்டாக இருந்தன. ஈரல் என்றால் கருஞ்சிவப்பாகப் பளபளவென்று இருக்க வேண்டும். இவ்வளவு கெட்ட ஈரலை ரொம்ப நாளாக நான் பார்த்ததில்லை. ஜெபராணி கத்தரியை வைத்துவிட்டு என்னைத்தான் முதலில் கேட்டாள்.

"அண்ணாச்சி, அம்மா குடிக்கலல்லா?"

"இல்லம்மா" என்றேன்.

வீட்டுக்கு வந்து பொடியைச் சாக்கடையில் கொட்டிவிட்டு டப்பாவில் முருங்கைப்பொடி போட்டு வைத்தேன். ஆவுடையிடம் சொல்லவில்லை. சொன்னால் அந்த எலிகளுக்கு வந்ததெல்லாம் உனக்கு வந்திருக்கிறது என்று சொன்ன மாதிரி. அந்த எலிகளைப் பற்றி அவளேதான் தன் கையால் எழுதியிருக்கிறாள்.

அதே சமயம் எலிகளுக்கும் நிறுத்தினோம், அவளுக்கும் நிறுத்தினேன். இரண்டும் ஒன்றாக நின்றது. எலிகள் தேறினால் இவளும் தேறுவாள் என்று இருந்தேன். எலிகள் நாளுக்கு நாள் தேறின. வீட்டுக்கு வந்து இவளைப் பார்க்கும்போதும் அந்தக் கண்ணோடேயே பார்த்தேன். இன்றைக்குக் கொஞ்சம் தேவலை என்று தோன்றியது.

வியாழக்கிழமை தேறவிட்ட எலிகளை அறுத்தோம். முதல் ஈரலை ஜெபராணி எடுத்துத் தட்டில் வைத்தாள். கருஞ்சிவப்பு. இரண்டாவதும் அப்படியே. எல்லாமே நன்றாக இருந்தன. "சரியாயிட்டு அண்ணாச்சி, மருந்த நிறுத்தினா சரியாயிடுது" என்றாள். அவளுக்கும் சந்தோஷம். கழுவுகிற வேலையைப் பாதியில் விட்டுவிட்டு பஸ்ஸைப் பிடித்து வீட்டுக்கு வந்தேன். வழியில் அல்வா வாங்கினேன்.

ஆவுடை சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். கூப்பிட்டேன். திரும்பி என்னை, "எண்ணே, எப்பம் வந்த?" என்று கேட்டாள். அவளுடைய அண்ணன் செத்துப் பல வருஷம் ஆகிறது. "ஏளா, நான்தான்" என்றேன். "சாப்பிட்டியாண்ணே?" என்று கேட்டுவிட்டுத் தூங்கிவிட்டாள். எழுப்பினேன். எழவில்லை.

தாயம்மாள் மகன் ஆட்டோவைக் கொண்டுவந்தான்.

இங்கே டாக்டர் அவளை ஜன்னல் பக்கமாகத் திருப்பிக் கண் இமையைக் கீழே இழுத்துப் பார்த்தார். இழுத்த உடனே நர்ஸும் பார்த்தாள். நானும் பார்த்தேன்.

"கண்ணு மஞ்சளாகி எத்தன நாளாச்சு?" என்றார்.

"தெரியல" என்றேன்.

(தெரியலையா, சொல்ல மனசு இல்லையா என்று இப்போது நான் அப்பாவைக் கேட்டேன். அதையும் எழுது என்கிறார். — உலகம்மாள்)

ஜெபராணி நேற்று வந்தாள். யாரோ சொல்லியிருக்கிறார்கள். ஆரஞ்சுப் பழத்தை மடியில் வைத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தாள்.

"குடிக்கலன்னு சொன்னீங்களே அண்ணாச்சி."

நான் பெஞ்சில் தள்ளி உட்கார்ந்தேன்.

"சரி, குடிச்சாங்க. அந்த ஈரலப் பாத்த அன்னைக்கே இங்க கூட்டிட்டு வந்திருக்கலாம்லா? ஏன் வரல?"

"அந்த எலிங்க தேறட்டும்னு இருந்தேன்."

அவள் என்னைப் பார்த்தாள். பழத்தைப் பார்த்தாள். "அதுக எல்லாம் சின்ன எலி அண்ணாச்சி" என்றாள். "நோய்நொடி இல்லாம பாத்துப் பாத்து வளத்தது. அம்மா அப்பிடியா?" பழத்தை எப்படிக் கொடுப்பது என்று தெரியாமல் பெஞ்சிலேயே வைத்துவிட்டுப் போனாள்.

பிப்ரவரி 25, செவ்வாய்

ஆவுடை கண் திறந்தாள். என்னை அடையாளம் தெரிந்தது. "வேலைக்குப் போகலையா?" என்றாள். "இன்னைக்கு லீவு" என்றேன். "எலிக்கு ஏது லீவு" என்றாள். உலகுவைப் பார்த்து "சாப்பிட்டியா?" என்றாள். அவ்வளவுதான் பேசினாள். மறுபடியும் கண்ணை மூடிக்கொண்டாள்.

பிப்ரவரி 27, வியாழன்

ஆவுடை போய்விட்டாள். காலையில்.

மார்ச் 6, வியாழன்

துணி துவைத்தேன். கட்டிலைக் கழுவி வெயிலில் நிறுத்தினேன். உலகு பிள்ளைகளை அழைத்துவரத் தூத்துக்குடிக்குப் போய்விட்டு அந்தியில் வந்தாள். சோறு வடித்தாள். சாப்பிட்டேன்.

மார்ச் 14, வெள்ளி

பதினாறு முடிந்தது. சொந்தக்காரர்கள் போய்விட்டார்கள்.

ஜெபராணி வந்திருந்தாள். மருந்துகளால் கெடுதல் வந்தால் எழுதிப் போடுகிறதற்கு ஒரு இடம் இருக்கிறதாம். பெயர் வெளியே வராதாம். ஆவுடைக்கு நடந்ததை அங்கே தெரிவிக்க வேண்டும் என்றாள்.

"எம் ஆராய்ச்சியில எலி பத்தி மட்டுந்தான் எழுத முடியும் அண்ணாச்சி. நிறுத்தினா சரியாயிடும்னுதான் அதுல வரும். அது பொய் இல்ல. ஆனா அது மட்டும் வந்தா..."

"எழுதும்மா" என்றேன். என்ன அளவு குடித்தாள், எப்போது சோறு குறைந்தது, எப்போது அரித்தது, எல்லாம் கேட்டாள். நாள் தவறாமல் சொன்னேன். கண் எப்போது மஞ்சளானது என்று கேட்டாள். பிப்ரவரி நாலாம் தேதி, செவ்வாய்க்கிழமை, வாசலில் உட்கார்ந்து தலை காயவைத்துக்கொண்டிருந்தபோது என்று சொன்னேன்.

(நாலாம் தேதியா என்று கேட்டேன். ஆமாம் என்றார். நான் எழுந்து உள்ளே போய்விட்டேன். அப்புறம் வந்துதான் இதை எழுதுகிறேன். — உலகம்மாள்)

மார்ச் 17, திங்கள்

வேலைக்குப் போனேன். தேறவிட்ட கூட்டம் இருந்த கூண்டுகளை வேறு யாரோ சரியாகக் கழுவாமல் வைத்திருந்தார்கள். கழுவினேன். வாரக் கடைசியில் புது எலிகள் வருகின்றன. வேறு ஒரு பையனுக்கு, வேறு ஏதோ ஒரு வேர்.

மார்ச் 19, புதன்

அந்தியில் தாயம்மாள் வீட்டுப் பக்கமாக வந்தேன். அடுப்பில் கொதிக்கிற வாசம் தெருவரைக்கும் வந்தது. எனக்கு அந்த வாசம் தெரியும். உள்ளே போனேன்.

"நீ இன்னும் குடிக்கியா?"

தாயம்மாள் சட்டியை முந்தானையால் பிடித்து இறக்கினாள்.

"மதினிக்கு மஞ்சக்காமால வந்துட்டு அண்ணாச்சி. என் தலையெழுத்து, கடைசியில நான் வந்து பாக்கல. ஆனா காமால யாருக்குத்தான் வரல? நான் மதினிக்கு முன்னாலயே குடிக்க ஆரம்பிச்சவ. எனக்கு ஒண்ணும் இல்லையே."

"அதக் கொட்டு."

"கொட்டிட்டு? நாளைக்கு ஆயிரம் பீடி யார் சுத்துவா? நீங்க சுத்துவீயளா?"

நான் சட்டிக்குக் கை நீட்டினேன். தள்ளி வைத்தாள்.

"நீங்கதான சொன்னீய, எலி சாகலன்னு?"

"சாகல" என்றேன். "இப்பவும் ஒண்ணும் சாகல. நாங்கதான் எடுத்தோம்."

"பொறவு?"

ஜெபராணியாக இருந்தால் வரிசையாகச் சொல்லியிருப்பாள். நான் தாயம்மாள் கையைப் பிடித்து இழுத்தேன். அடுத்த வீட்டுப் பொம்பளை கையைப் பிடித்து நான் இழுத்ததில்லை. அவள் பயந்துபோய், "ஏ அண்ணாச்சி, என்ன செய்தீய, விடும்" என்றாள். அவள் மகன் உள்ளிருந்து எழுந்து வந்தான். நான் விடவில்லை. வாசலுக்கு இழுத்து வந்து, மேற்கே வெயில் மிச்சம் இருக்கிற பக்கமாகத் திருப்பி நிறுத்தினேன்.

"மேல பாரு."

"கிறுக்குப் பிடிச்சுட்டா உமக்கு?"

"மேல பாரு, தாயம்மா."

பார்த்தாள். பெருவிரலால் இமையைக் கீழே இழுத்தேன். எலியைப் பிடிக்கிற மாதிரி தலை ஆடாமல் பிடித்துக்கொண்டேன். வெள்ளையாகத்தான் இருந்தது. நரம்பு ஓடுகிற வெறும் வெள்ளை. ரொம்ப நேரம் பார்த்தேன். அவள் மகன் பக்கத்தில் வந்து என் தோளைத் தொட்டான். தாயம்மாளுக்குக் கண்ணில் நீர் ஊறி என் விரலில் வழிந்தது.

"போதுமா?" என்றாள்.

"அந்தக் கண்ணையும் காட்டு" என்றேன்.